முசிறித் தோணியும் கொச்சி மணல்திட்டும்

சங்கப் பாட்டை வரலாற்று வகுப்பில் வணிகப் பட்டியலாகச் சுருக்கிவிடுகிறோம். மிளகு, முத்து, யவனர், பொன், அவ்வளவுதான். பாட்டு அங்கேயே செத்துப்போகும்.

இந்த முறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கொச்சியின் வில்லிங்டன் தீவிலிருந்து ஆரம்பித்தேன். 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டிக் கப்பல் வழியை ஆழப்படுத்தினார். துறைமுகப் பணியில் தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் இந்தத் தீவு. அதற்கு முன்பு பெரிய கப்பல்கள் வெளியே கடலிலேயே நிற்கும். சரக்கு படகில்தான் மட்டாஞ்சேரிக் கரைக்கு வரும்.

அப்புறம் புறநானூறு 343. பரணர் பாடியது. பழைய துறைமுகமான முசிறியில், கப்பல் கொண்டுவந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்க்கின்றன. "கப்பலே நேரா வரலாமே, தோணி எதுக்கு சார்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டு, அவனே "ஓ, மணலா!" என்றான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினியும் முசிறியில் கப்பல் கரைக்குத் தூரத்தில் நிற்கும், சிறு படகுகளில்தான் சரக்கு இறங்கும் என்றுதான் எழுதுகிறார். முசிறியாக இருக்கலாம் என்று பலர் கருதும் பட்டணம் என்ற ஊர் கொச்சிக்கு வடக்கே, பக்கத்தில்தான்.

ஆனால் அந்தப் பாட்டு வணிகத்தைப் பற்றியதே இல்லை. முசிறியையே கொட்டிக் கொடுத்தாலும் தகுதியில்லாதவனுக்குப் பெண் தரமாட்டேன் என்கிற வீட்டின் கதை. வாசலில் போர் வேறு. பின் பெஞ்சுப் பெண்ணுக்குத் துறைமுகத்தில் அக்கறையே இல்லை. "அந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டாங்களா சார்?"

நாளைக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.