உவர் நிலத்தில் பார்லி

பார்லி என்றதும் ஜுரம் கண்டவர்களுக்குக் கொடுக்கும் கஞ்சிதான் நம் தென்னாட்டு இல்லங்களில் நினைவுக்கு வரும். அந்தத் தானியம் எத்தகைய பூமியில் விளைகிறது என்பதை, சென்ற தை மாதத்தில் ஹரியானாவில் கர்னாலிலிருந்து ஹிஸாருக்குப் பிரயாணம் செய்தபோதுதான் கண்ணாரக் கண்டோம்.

மேற்கே செல்லச் செல்லப் பசுமை குறைந்தது. காற்றில் மணல் கலந்தது. ஹிஸாரில் ஆண்டு மழை சுமார் 18 அங்குலந்தான். வரப்போரங்களில் வெண்மையாய்ப் பூத்திருந்ததைப் பனியென்று எண்ணினோம். எடுத்து நாவில் வைத்தால் உப்பு! கிணற்று ஜலமும் உவர்ப்பே.

இது நேற்று வந்த தொல்லையன்று. யமுனைக் கால்வாய் பாய்ந்த பிறகு தங்கள் நிலம் உவராகிவிட்டதென்று, கர்னாலை அடுத்த முனாக் கிராமத்தார் 1855-லேயே அந்நிய சர்க்காரிடம் முறையிட்டார்கள். கர்னாலில் உவர் நில ஆராய்ச்சிக்கென மத்திய நிலையம் அமைந்ததோ சுதந்திர பாரதத்தில், 1969-ல்!

வயலில் நின்றிருந்த முதிய குடியானவரிடம், "உரத்தை இன்னும் தாராளமாய்ப் போட்டால் என்ன, ஐயா?" என்று கேட்டோம். அவர் சிரித்து, "தாகத்தோடு இருப்பவனுக்கு விருந்து படைக்கலாமா?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மண் ஈரமாய் இருந்தாலும், அதிலுள்ள உப்பு நீரை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு எளிதில் விடுவதில்லை. நைட்ரஜன் என்னும் தழைச்சத்து வேருக்குள் நுழையும் வழியிலும் உப்பின் குளோரைடு குறுக்கே நிற்கிறது. இரசாயன உரமும் கரைந்தால் ஒருவகை உப்பே. போதாக்குறைக்கு, ஆரம்பத்திலேயே மிகுந்த உரம் பெற்ற பயிர் இலைகளை அடர்த்தியாய் விரித்து, இருக்கிற நீரையெல்லாம் ஆவியாக்கிவிடும். பிறகு கதிர் பால் பிடிக்கும் வேளையில் வேரடியில் ஈரம் இராது; மணி சுருங்கிப் பதராகும். பயிர் உண்ணாத உரமோ காற்றோடு போகும், அல்லது நிலத்தடி நீரைக் கெடுக்கும்.

ஆகையால்தான் இம்மாகாணத்தில், நீர் பாயும் கோதுமைக்கு ஏக்கருக்கு 60 கிலோ நைட்ரஜன் வேண்டுமென்றால், பார்லிக்கு 24 கிலோ போதும் என்கிறார்கள். அதிலும் பாதி விதைப்பின்போது. மறுபாதி, சுமார் நாற்பது நாள் கழித்து முதல் பாய்ச்சலோடு. கோதுமை ஐந்தாறு பாய்ச்சல் கேட்குமிடத்தில் பார்லி இரண்டோடு திருப்தியடைகிறது. உப்பைத் தாங்குவதிலும் அது கோதுமையை விஞ்சியது.

நாம் விடைபெற்றபோது, அந்தப் பெரியவர் வறுத்த பார்லி மாவை நீரில் கரைத்து ஒரு குவளை கொடுத்தார். அவர் கைப்பிடி உரத்தையும் எண்ணிப் போடுவது கஞ்சத்தனத்தால் அல்ல. பேரனுக்கு விட்டுச் செல்லும் நிலம் வெள்ளைப் பொட்டலாகிவிடக் கூடாதே என்ற கவலையால்தான். இனி நம் வீட்டில் பார்லிக் கஞ்சி காய்ச்சும்போதெல்லாம் அந்த வயல் நம் நினைவுக்கு வரும்.