'சூப்பர்ப்பா' என்று சொல்வதை நிறுத்தினாள் மகள்... படம் எடுப்பதையே நிறுத்தினார் அப்பா!

காலை மணி 11.20. சென்னை வடபழனியில் ஒரு கல்யாண ஸ்டுடியோ. ஆல்பம் டிசைனராக வேலை பார்க்கும் அவள், யாரோ ஒரு ஜோடியின் நாலாயிரம் படங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். போன் 'டிங்' என்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப். ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பா ஒரு படம் அனுப்பியிருக்கிறார்.

படத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. நட்டநடுவில் கதவு. பாதித் திண்ணை. மேலே நிறைய வானம், கீழே நிறைய தார் ரோடு. ஓரத்தில் யாரோ நிறுத்திவிட்டுப் போன மொபெட்டின் பின்சக்கரம் மட்டும். மொத்த வீடும் லேசாக வலது பக்கம் சாய்ந்திருக்கிறது.

சித்தி கும்பிடும் கையை அனுப்புகிறார். தம்பி 'சூப்பர்ப்பா' என்கிறான். அவளும் ஒரு கட்டை விரலை உயர்த்திவிட்டு வேலைக்குத் திரும்புகிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாளா என்றால், இல்லை. எட்டு மாதமாக தினமும் இப்படித்தான்.

அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். ரிட்டையர் ஆன முதல் இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். டி.வி, தூக்கம், மறுபடி டி.வி. சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னபோது, "34 வருஷம் நடந்தது போதாதா?" என்று சிரித்தே சமாளித்தார். மகன் வாங்கிக் கொடுத்த போனில் கேமரா இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். அந்த போன்தான் அவரை நடக்கவைத்தது. இது அம்மாவுக்குத் தெரியும். மகளுக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் ராத்திரி அப்பா நேரடியாகவே கேட்டார். "பாப்பா, எல்லாரும் சூப்பர் சூப்பர்ங்குறாங்க. நீ இதே தொழில்ல இருக்க. நிஜமா சொல்லு... எப்படித்தான் இருக்கு?"

கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் ஒரு கல்யாண வீட்டார் நாலாவது முறையாக ஆல்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். காரணம் கேட்டால், "ஏதோ ஒண்ணு மிஸ்ஸிங்" என்ற ஒற்றை வரி. அந்தக் கடுப்போடு அவள் அப்பாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே.

படம் சாயுது. எல்லாமே சென்டர்ல இருக்கு. பாதிப் படம் வெறும் வானம். உச்சி வெயில்ல யாருப்பா படம் எடுப்பாங்க, திண்ணை பூரா கறுப்பா இருக்கு. ஷார்ப்பாவே இல்ல. புகை மூட்டின மாதிரி ஒரு மங்கல். ராஜகோபுரத்தை எடுத்தா கலசத்தை வெட்டிடுறீங்க. ஏன் இவ்ளோ தள்ளி நிக்குறீங்க, பக்கத்துல போங்க. ஏன் ஒரு படத்துலகூட மனுஷங்களே இல்ல?

தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதில் பெரும்பாலானதை ஒப்புக்கொள்வார்கள். அப்பாவின் பதில் ஒரே வரி. "சரிம்மா. நல்லது."

மறுநாள் 11.20-க்கு போன் 'டிங்' என்று சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் கவனித்ததே மூன்றாம் நாள்தான். ஒன்பதாம் நாள் அம்மா கூப்பிட்டார். "என்னடி சொன்ன அவர்கிட்ட? போனைத் தொடவே மாட்டேங்குறாரு. வாக்கிங்கும் போறதில்ல. திரும்ப அந்தச் சேர்ல போய் உக்காந்துட்டாரு."

1930-களில் அமெரிக்காவில் ராய் ஸ்ட்ரைக்கர் என்று ஓர் அதிகாரி இருந்தார். கிராமப்புற வறுமையைப் பதிவுசெய்ய அரசாங்கம் அனுப்பிய புகைப்படக்காரர்களுக்கு அவர்தான் மேலதிகாரி. டோரத்தியா லாங்கே, வாக்கர் எவன்ஸ் போன்ற பெரிய கைகளெல்லாம் அவரிடம் வேலை பார்த்தவர்கள். வரும் ஃபிலிம் நெகட்டிவ்களில் பிடிக்காததை அவர் என்ன செய்வார் தெரியுமா? ஆபீஸில் காகிதத்தில் ஓட்டை போடுவோமே, அதுபோல நெகட்டிவில் ஓர் ஓட்டை. அதோடு அந்தப் படம் முடிந்தது. புகைப்படக்காரர்கள் எதிர்ப்பு தெரிவித்த பிறகுதான், சில வருடங்கள் கழித்து அந்தப் பழக்கம் நின்றது. அந்த நெகட்டிவ்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. பிரின்ட் போட்டால் ஒரு விவசாயியின் முகத்திலோ, வயலுக்கு மேலே வானத்திலோ கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். எது சரியில்லை, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று அந்த வட்டம் ஒன்றும் சொல்லாது.

நாலு நிமிட வாய்ஸ் மெசேஜும் அந்த ரகம்தான். ஓட்டைகள்தான் ஒன்பது. அதற்காக 'சூப்பர்' என்பது ரொம்ப அன்பான வார்த்தை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது, பார்க்காமலேயே பார்த்துவிட்டேன் என்று சொல்ல உதவும் வார்த்தை.

ஆடிப்பெருக்குக்கு அவள் ஊருக்குப் போனாள். அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் நெரிந்தது. காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி... படம் எடுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. அப்பாவின் போன் சட்டைப் பையிலேயே இருந்தது. வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "போனைக் குடுங்கப்பா" என்று வாங்கி கேலரியைத் திறந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். குரூப்புக்கு வந்தது அதில் ஒரு பங்குதான். ஒன்றைத் தொட்டுப் பெரிதாக்கினாள். கதவின் மரத்தில் ஓடிய ரேகைகூடத் தெளிவாக இருந்தது. இன்னொன்று. அதுவும் தெளிவு. 'ஷார்ப்பாவே இல்ல' என்று அவள் சொன்னது படத்தின் குறையே இல்லை. சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். தினமும் அதே வேலை பார்க்கிற அவளுக்கு இது தெரியாததல்ல. அப்பாவின் படம்தானே என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அது உங்க தப்பு இல்லப்பா. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்தது அந்தப் புகைமூட்டம். சில படங்களில் இருந்தது, சிலவற்றில் இல்லை. மார்கழிப் பனி என்று நினைத்ததாக அப்பா சொன்னார். பங்குனியிலும் பனி இருந்தது. அவள் போனைத் திருப்பி லென்ஸைப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு பூச்சு. சட்டைப் பையில் போனோடு கூடவே ஒரு விபூதிப் பொட்டலம்! ரெண்டு பேரும் சிரித்ததில் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்துவிட்டு, வாசல் வேப்பமரத்தை ஒரு படம் எடுத்துக் காட்டினாள். இதற்கு எந்தப் புகைப்படக் கலை வகுப்பும் தேவைப்படவில்லை.

மறுநாள் அவளே கேட்டாள். "நீங்க போற நேரத்துக்கே போலாம்பா. நானும் வரேன்."

பத்தரைக்குக் கிளம்பினார்கள். சித்திரை வீதி, உத்திர வீதி என்று அவர் போன பாதையில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு எதிர்ப்பக்கம். சந்துக்குள் போய் அதே வழியில் திரும்புவது. கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இது வாக்கிங் அல்ல. அவருடைய பழைய பீட். சார்ட்டிங் முடித்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, இந்தத் தெருவுக்கு வரும்போது மணி பதினொன்று தாண்டியிருக்கும். அந்த வெளிச்சத்தில்தான் அவர் இந்த வீடுகளை 34 வருடம் பார்த்திருக்கிறார். 'காலையில ஏழு மணிக்கு எடுங்க' என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

ஒரு வீட்டின் முன் நின்று அவர் போனை எடுத்தார். வாசலுக்கு வெளியே, தெருவில்.

"ஏம்ப்பா, இன்னும் ரெண்டடி உள்ள போகலாமே? கேட் தொறந்துதான இருக்கு."

"நம்ம அதுக்குள்ள போகக் கூடாதும்மா. இங்கருந்துதான் கூப்பிடணும்."

பக்கத்தில் போய் எடு என்பது, படம் எடுப்பவர்களுக்கு எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை. பெரும்பாலும் சரியான அறிவுரையும்கூட. ஆனால், இந்த மனிதர் எல்லாப் படங்களையும் தபால்காரர் நிற்கும் இடத்தில் நின்று எடுத்திருக்கிறார். மனிதர்கள் இல்லாததற்கும் அதுதான் காரணம். அவர் படம் எடுக்கும் நொடி, 'சார் போஸ்ட்' என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளேயிருந்து ஆள் வரக் காத்திருக்கும் நொடி. இது தெரியாமல் அந்தப் படங்களைத் திருத்தியிருந்தால், நேராக நிமிர்ந்த, நல்ல வெளிச்சமுள்ள, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய வீட்டுப் படங்கள் கிடைத்திருக்கும்.

அவள் குறை எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஸ்டுடியோவில் சேர்ந்த புதிதில் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், எந்தப் பக்கத்தை வடிவமைத்துக் காட்டினாலும் இதைத்தான் கேட்பாராம்.

"இந்தப் படத்துல எதைப்பா நான் பார்க்கணும்?"

அப்பா யோசித்தார். "அந்த மூணாவது படி."

அந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தாராம். மாதாமாதம் மகனிடமிருந்து மணியார்டர் வரும். வரும் தேதிக்கு நாலு நாள் முன்னாலிருந்தே மூன்றாவது படியில் வந்து உட்கார்ந்துவிடுவாராம். வராத நாளில், "நாளைக்கு வந்துரும்மா" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டைக் கடப்பதுதான் அந்தத் தெருவிலேயே கஷ்டமான வேலை என்றார். பாட்டி போய்ப் பல வருடம் ஆகிறது. படி இருக்கிறது.

அவர் எடுத்த படத்தில் வானம் இருந்தது, ஓடு இருந்தது, கதவு இருந்தது. படி இருந்த இடம் வெறும் இருட்டு. உச்சி வெயிலில் கூரையின் நிழல் முழுக்க அதன்மேல்தான் விழுந்திருந்தது.

"எங்கிட்ட சொன்னீங்களே, அது போனுக்குத் தெரியாதுல்லப்பா. அதுகிட்டயும் சொல்லணும். எது முக்கியமோ, அந்த இடத்தை ஸ்கிரீன்ல விரலால தொடுங்க."

தொட்டார். போன் அந்த இருட்டுக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ள, படி மெல்ல எழுந்து வந்தது. தேய்ந்து நடுவில் குழிந்த கருங்கல். மேலே வானம் வெளுத்துப்போனது. போகட்டும், வானத்தையா பார்க்கச் சொன்னார்? பிறகு போனைக் கொஞ்சம் கீழே சாய்க்கச் சொன்னாள். வானம் முக்கால்வாசி காணாமல் போனது. நின்ற இடத்திலிருந்து அவர் ஓர் அடிகூட நகரவில்லை.

அன்றைக்கு அவ்வளவுதான். சாய்வதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அடுத்த வாரம் போனில், கேமரா செட்டிங்கில் 'கிரிட்' என்று ஒன்று இருக்கிறது, கட்டம் கட்டமாகக் கோடு வரும், வாசற்படியை அதில் ஒரு கோட்டோடு சேர்த்துவையுங்கள் என்று மட்டும் சொன்னாள். ராஜகோபுரத்துக்கு அவரே வழி கண்டுபிடித்துவிட்டார். 236 அடி உயரக் கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கலசமும் அடங்காது, கோபுரமும் பின்னால் சாய்கிற மாதிரி இருக்கும். தெற்கே தள்ளிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார், கலசம் வரும் வரை. "டீக்கடைக்குள்ளயே போயிட்டேன்" என்றார்.

11.20-க்கு இப்போது மறுபடியும் 'டிங்' கேட்கிறது. ஒரு வித்தியாசம், படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுகிறார். 'ரிஜிஸ்தர் தபால்னா கையெழுத்து போடப் பயப்படுவார்.' 'இந்த வீட்டு நாய் என்னை மட்டும் குரைக்காது.' தம்பி இன்னமும் 'சூப்பர்ப்பா'தான் அனுப்புகிறான். சித்தி மட்டும் ஒருநாள், "அந்த நாய் எங்க மாமா, காணோம்?" என்று கேட்டார். அன்றைக்கு அப்பா திரும்ப அந்தத் தெருவுக்குப் போனார், நாயைத் தேடி.

போன மாதம் அவர் சென்னை வந்திருந்தார். வீட்டில் மகள் லேப்டாப்பில் ஓர் ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நிச்சயதார்த்தம், மெஹந்தி, ரிசப்ஷன், டிரோனில் எடுத்த மண்டபம்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணோட அப்பா எங்கம்மா?" என்றார்.

அவள் திரும்பப் புரட்டினாள். 40 ஷீட்டில் இரண்டே இடத்தில் இருந்தார். ஒன்றில் மாப்பிள்ளையின் மாலை அவர் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. இன்னொன்றில் குரூப் போட்டோவின் கடைசி ஆள், ஆல்பம் மடிகிற இடத்தில். நாலாயிரம் படங்களையும் திரும்பத் திறந்து உட்கார்ந்தாள். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு படம் கிடைத்தது. பந்தி நடக்கும் ஹாலின் வாசலில், யாரையோ சாப்பிடக் கூப்பிட்டபடி, தோளில் துண்டு நழுவ நின்றுகொண்டிருந்தார்.

படம் லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்திவிட்டு, முழுப் பக்கத்துக்கு வைத்தாள்.