முட்டம் கரையில் ஒரு ஏலம்

முட்டம்னா 'அலைகள் ஓய்வதில்லை' ஞாபகம் வருதா? பாறை, லைட் ஹவுஸ் எல்லாம் பார்த்தாச்சுன்னா, மீன் ஏலத்துக்கும் ஒரு எட்டு போங்க பாஸ்.

'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' கேமில் கில்டுகள் வாராவாரம் கடை பிடிக்க ரகசிய ஏலம் கேட்கும். எதிராளி எவ்வளவு போட்டான்னு தெரியாது. இங்கே தலைகீழ். மணலில் மீன் குவியல், கண்மதிப்பில் விலை, ஊருக்கே கேட்கிற சத்தம்.

அப்போ நியாயம்தானே? அங்கேதான் சிக்கல். வியாபாரிகள் முன்கூட்டியே கூட்டுச் சேர்ந்துவிட்டால் சத்தமான ஏலம்தான் அவர்களுக்கு வசதி. கூட்டை மீறி ஒருத்தர் வாயைத் திறந்தால் அப்பவே மாட்டிக்குவார்; ரகசியச் சீட்டில் தெரியாது. ஆனால் சீட்டு எழுதி, பிரித்துப் படிக்கிறவரை மீன் காத்திருக்குமா?

அதைவிடப் பெரிய பூட்டு, கடன். வலைக்கும் வள்ளத்துக்கும் முன்பணம் கொடுத்தவரே மீனையும் எடுத்துக்கொண்டால் விலை எப்படி மக்கா ஏறும்? குமரிக் கரையில் மீனவர் சங்கங்கள் கை வைத்தது இந்த முடிச்சில்தான். 1980-ல் உருவான 'சிஃப்ஸ்' கூட்டமைப்பின் சங்கங்களில் ஏலம் விடுகிறவர் சங்கத்து ஆள். விற்ற பணத்தில் கொஞ்சம் கடனுக்கு, கொஞ்சம் சேமிப்புக்கு, மீதி மீனவர் கைக்கு.

வள்ளம் கரை சேரும் நேரத்தை முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. ஏலம் மளமளன்னு முடிஞ்சிடும்.