இரண்டு வாளி நீர்

டொராண்டோவில் பனிக்காலம் தொடங்குமுன்னரே வீட்டின் வெளிக்குழாயை அடைத்துவிடுகிறோம். இல்லையேல் உள்ளே நிற்கும் நீர் உறைந்து விரிந்து குழாயை வெடிக்கச் செய்துவிடும். ஆகவே ஏப்ரல் வரை ரப்பர்க் குழாய்க்கு ஓய்வு. காருக்கோ ஓய்வில்லை. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு வெண்படலமாய்ப் படிந்து இரும்பை மெல்ல அரிக்கிறது. பிரேக் குழாய்களையும் அது விட்டுவைப்பதில்லை. இரவுப் பணி முடித்து அந்தக் காரில்தான் எங்கள் மகள் திரும்புகிறாள்.

வெப்பம் உறைநிலைக்கு மேல் 3 அல்லது 4 பாகை ஏறும் நண்பகலுக்காகக் காத்திருந்து, இரண்டு வாளிகளில் வெதுவெதுப்பான நீர் எடுத்துச் செல்கிறோம். கொதிநீர் கூடாது, குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும். உலர்ந்த துணியும் ஆகாது. உப்பும் மணலும் வண்ணப்பூச்சைக் கீறிவிடும். முதலில் குவளையால் மொண்டு ஊற்றுகிறோம். கிணற்றடியில் குளித்து வளர்ந்த கைகளுக்கு இதில் புதுமை ஏது! பின்னர் சோப்பு நீரில் தோய்த்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கிறோம். துணியை அலசுவதற்கே மற்றொரு வாளி. மிஞ்சிய நீர் முழுதும் சக்கரங்களின் உட்புறத்திற்கு. அடிப்பகுதி உப்பு இதனால் முற்றிலும் நீங்காது. அதற்குக் கழுவுநிலையமே கதி.

கதவோர ரப்பரை ஈரம் போகத் துடைக்கவேண்டும். தவறினால் இரவில் உறைந்து கதவு திறவாது. அதற்குள் விரல்கள் மரத்துவிடுகின்றன. வாசலில் வழிந்த நீரும் மாலைக்குள் கண்ணாடியாய் இறுகிவிடும். மகள் வழுக்கி விழாதிருக்க அங்கே நாங்களே ஒரு கை உப்பை அள்ளித் தூவுகிறோம்.