எல்லையோர வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

தமிழும் தெலுங்கும் ஒரே கூரையின் கீழ் புழங்கும் கார்வேட்டிநகரத்தில், வீட்டுக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்ற கேள்விக்கு விலைப் பட்டியல் மட்டும் பதில் சொல்லிவிடுவதில்லை.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவை நோக்கிப் பிரியும் ரயில் பாதையில் திருத்தணி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். திருத்தணிக்கு அப்பால் பெயர்ப் பலகைகளில் தெலுங்கு முந்திக்கொள்கிறது. பேச்சில் அப்படியில்லை. புத்தூர் பஸ் நிலையத்தில் டீ குடிக்கும் இருவர் தமிழில் தொடங்கி, தெலுங்கில் சண்டை போட்டு, மறுபடியும் தமிழில் சமாதானம் ஆகலாம். எலும்பு முறிவுக்குப் 'புத்தூர் கட்டு' என்று தமிழ்நாடு முழுவதும் பலகை தொங்குகிறதே, அந்தப் புத்தூர்தான் இது. இங்கிருந்து மேற்கே பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கார்வேட்டிநகரம்.

ஒரு காலத்தில் வட ஆற்காட்டின் பெரிய ஜமீன்களில் ஒன்றுக்குத் தலைநகரம். குன்றுகள், மாந்தோப்புகள், கல்படி இறங்கும் ஸ்கந்த புஷ்கரணி, வேணுகோபால சுவாமி கோயில். இந்த வேணுகோபாலனை முத்திரையாக வைத்து சாரங்கபாணி இயற்றிய தெலுங்குப் பதங்கள் தமிழ்நாட்டு நாட்டிய மேடைகளுக்கும் அந்நியமல்ல. ஜமீன் போய்விட்டது, கோயிலைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிர்வகிக்கிறது. இன்று கல்வி வட்டாரங்களில் கார்வேட்டிநகரம் என்றால் நினைவுக்கு வருவது அங்குள்ள மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்.

ஊர் இடம் மாறவில்லை, எல்லைகள்தான் மாறின. 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் கார்வேட்டிநகரமும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தை உடைத்துத் திருப்பதி மாவட்டம் உருவானது. இத்தனைக்குப் பிறகும் பாட்டி தமிழில் கதை சொல்கிறாள். பேரன் தெலுங்கில் பரீட்சை எழுதுகிறான். பேத்தி இங்கிலீஷ் மீடியம். இந்த மாதிரி வீட்டுக்குள் கம்ப்யூட்டர் நுழையும்போது அது எந்த மொழி பேசும் என்பது முதல் கேள்வி. எவ்வளவு நாள் உழைக்கும் என்பது இரண்டாவது.

கையில் போன் இருக்கும்போது மேஜைக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2020ஆம் ஆண்டு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் அப்பா வேலைக்குக் கிளம்பினால் அவர் சட்டைப் பையில் வகுப்பறையும் கிளம்பிவிட்டது. போன் ஒன்று, பிள்ளைகள் இரண்டு என்றால் பெரும்பாலும் பையனுக்குத்தான் முதல் உரிமை. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தவை 4.4 சதவீதம்தான், நகர்ப்புறத்தில் 23.4 சதவீதம். போனில் பாடம் கேட்கலாம். பத்துப் பக்கக் கட்டுரை எழுதுவதோ, கணக்கு அட்டவணை போடுவதோ, புரோகிராம் எழுதிப் பழகுவதோ விரல் அகலத் திரையில் நடக்கிற காரியமல்ல.

லேப்டாப் வாங்கலாமே என்றால், வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு அதுதான் சரி. வீட்டோடு இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. டெஸ்க்டாப்பில் கீபோர்டு கெட்டால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். மானிட்டர் போனால் மானிட்டர். ஐந்து ஆண்டு கழித்து வேகம் போதவில்லை என்றால் நினைவகத்தைக் கூட்டலாம். தறியில் ஓர் உறுப்பு தேய்ந்தால் அதை மாற்றி மறுபடி ஓட்டும் நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 'வீட்டுக் கம்ப்யூட்டர்' என்ற பேச்சு சூடு பிடித்தது 1990களில். எச்.சி.எல்., ஜெனித், விப்ரோ என்று உள்நாட்டுப் பெயர்கள் அப்போது ராஜ்யம் நடத்தின. எச்.சி.எல். 'பீன்ஸ்டாக்' என்ற பெயரில் வீடுகளுக்கென்றே ஒரு மாடலைக் கொண்டுவந்தது. 2005இல் அதே நிறுவனம் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்திப் பரபரப்பூட்டியது. பின்னாளில் அந்தத் தொழிலையே விட்டு விலகிவிட்டது. அந்தப் பத்தாயிரம் ரூபாய்க் கனவு புதுக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கலைந்துவிட்டது. இன்று மானிட்டர், யு.பி.எஸ். எல்லாம் சேர்த்தால் செலவு முப்பதாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். 2025இன் கடைசி மாதங்களில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் தாவி ஏறியது நிலைமையை மேலும் மோசமாக்கியது. பெரிய கம்ப்யூட்டர் மையங்கள் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதன் விலையைக் கார்வேட்டிநகரத்து வாடிக்கையாளரும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வாங்குமிடம் மூன்று. பக்கத்தில் புத்தூர், கொஞ்சம் தள்ளித் திருப்பதி, ரயிலேறினால் சென்னை. சென்னை என்றால் அண்ணா சாலைக்குப் பின்னால் உள்ள ரிச்சி தெரு. ரேடியோ உதிரி பாகங்களில் தொடங்கி, உறுப்பு உறுப்பாக வாங்கிக் கோக்கும் 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டருக்குப் பெயர் பெற்ற இடம். முன்பெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறாக இருந்ததால், எல்லை தாண்டி வாங்குவதில் லாபமா நஷ்டமா என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. அந்தக் கணக்கை முடித்து வைத்தது. கம்ப்யூட்டருக்கு 18 சதவீத வரி, திருப்பதியிலும் சென்னையிலும் ஒன்றே. மிச்சமிருப்பது பஸ் கட்டணமும், பழுது வந்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்ற கவலையும்.

கடைசியாகச் சொன்ன கவலைதான் பெரிது. கம்பெனிக் கம்ப்யூட்டர் என்றால் மொத்தப் பெட்டிக்கும் ஒரே உத்தரவாதம். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வசதியும் பல மாடல்களுக்கு உண்டு. அந்த வசதி தங்கள் பின்கோடுக்குப் பொருந்துமா என்று பணம் கட்டும் முன் கேட்பது புத்திசாலித்தனம். அசெம்பிள் செய்ததில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி உத்தரவாதம், தனி ஆயுள். அதே பணத்துக்கு நல்ல உறுப்புகள் கிடைக்கும். ஆனால் எந்த உறுப்பில் கோளாறு என்று கண்டுபிடித்து அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியது வாங்கியவர் பொறுப்பு. இரண்டிலும் வரிசை எண் குறித்த ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் கடையை விட்டு இறங்கக் கூடாது. பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று சொல்லும் கடைக்காரர், உத்தரவாதம் வேண்டாமென்று சொல்கிறார் என்றே அர்த்தம்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்? படிப்பு, கடிதம், கணக்கு, இன்டர்நெட், சினிமா என்ற அளவில் இன்டெல் கோர் ஐ3 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 3 வரிசையில் அண்மைக்காலச் சில்லு ஒன்று தாராளம். கூடுதல் கிராபிக்ஸ் கார்டு கேட்பது விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்கிற்கும்தான். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. பெயரின் கடைசியில் 'எஃப்' என்று முடியும் இன்டெல் சில்லுகளில் படம் காட்டும் பகுதி கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரை இருண்டே கிடக்கும். நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. அதை ஒரே பட்டையாகப் போட்டு இன்னொரு துளையைக் காலியாக விட்டால் பின்னால் 16 ஆக்கலாம். பணம் மிச்சமிருந்தால் அது போகவேண்டிய இடம் எஸ்.எஸ்.டி. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு இதைப் போட்டால் கிடைக்கும் வேகத்தைச் சில்லை மாற்றிப் பெறுவது கடினம். போன் போல சிம் கார்டு போட இடமில்லை என்பதும், வைஃபை வசதி எல்லா மதர்போர்டிலும் இருப்பதில்லை என்பதும் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் தொல்லை. 2017 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட ஆந்திர ஃபைபர்நெட் திட்டம் டி.வி., டெலிபோன், இன்டர்நெட் மூன்றையும் மாதம் 149 ரூபாய்க்கு என்று அறிமுகமானது. அது போன்ற கேபிள் இணைப்பு தெருவுக்கு வந்திருந்தால் சாதாரண லேன் வயரே போதும்.

சிக்கனம் பார்க்கிறவர்களின் கண் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மீது விழுகிறது. பெரிய நிறுவனங்கள் கழித்துக் கட்டிய பெட்டிகள் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டுக் குறைந்த விலைக்கு வருகின்றன. அவற்றில் நல்ல சரக்கும் உண்டு. ஆனால் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு பொதுவாக 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்பதோ, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான். சில்லின் பெயரில் ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 6லோ 7லோ தொடங்கினால், அது ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை. அதில் 'விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்' என்பவர்கள் குறுக்கு வழியில் போட்டிருப்பார்கள். அந்தப் பெட்டியில் லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டு நிம்மதியாக ஓடும், காசும் வேண்டாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இந்திய மொழிகளோடு வருகிறது. ஆனால் பள்ளியிலோ வேலையிலோ விண்டோஸ் மென்பொருள்தான் கேட்கிறார்கள் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்குவதில் பொருளில்லை.

ராயலசீமையின் கோடைக்கும் இதில் பங்குண்டு. நாற்பது டிகிரி வெயில், மண் தூசு, தறி ஓடும் வீடென்றால் பஞ்சுத் தூசு. இவை மூன்றும் சேர்ந்து பெட்டிக்குள் ஓடும் விசிறியை அடைத்துவிட்டால் சில்லு சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேஜை மேல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பதும், இரண்டு மாதத்துக்கொரு முறை அணைத்துவிட்டுத் தூசு தட்டுவதும் செலவில்லாத வைத்தியம். அடுத்தது மின்சாரம். 600 வி.ஏ. யு.பி.எஸ். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரைச் சில நிமிடங்கள் தாங்கும். எழுதியதைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதும். சினிமா பார்த்து முடிக்கப் போதாது. மூன்று பின் பிளக்கில் மூன்றாவது பின்னுக்கு உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது, பெட்டி வரும் முன்பே செய்யவேண்டிய வேலை.

பிறகு, மொழி. கடைக்காரர்கள் யாரும் சொல்லாத ஒரு வசதி இந்த எல்லையோர வீடுகளுக்கென்றே செய்தது போல அமைந்திருக்கிறது. மத்திய அரசின் மின்னணுத் துறை 1986இல் இந்திய மொழிகளுக்கான 'இன்ஸ்கிரிப்ட்' விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அதன் சூத்திரம் எளிது: எழுத்து வேறானாலும் ஒலி ஒன்றென்றால் விசையும் ஒன்று. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலான மெய். தமிழில் 'க' எங்கே இருக்கிறதோ அங்கேதான் தெலுங்குக் 'க'வும். 'அம்மா' என்று தமிழில் அடிக்க, ஷிப்ட்டோடு 'டி', பிறகு 'சி', 'டி', 'சி', கடைசியில் 'ஈ'. தெலுங்கில் 'அம்ம' என்று அடிக்க அதே விசைகள் அதே வரிசையில். கடைசி 'ஈ' மட்டும் வேண்டாம். ஒரு மொழியில் விரல் பழகிவிட்டால் அடுத்த மொழி பாதிக்கு மேல் கைக்கு வந்துவிட்டது.

தமிழுக்கென்றே வேகமான விசைப்பலகை வேண்டுமென்றால், 1999இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' இருக்கிறது. ஒரே மொழியில் நிறைய எழுதுபவர்களுக்கு அதுவே சிறந்தது என்பவர்கள் அதிகம். ஆனால் அது தெலுங்குக்கு உதவாது. இரண்டும் எழுதவேண்டிய வீட்டில் இன்ஸ்கிரிப்ட்டே லாபம். விண்டோஸில் இரண்டு ஏற்பாடுகளுமே உள்ளடங்கி வருகின்றன; தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு என்று தவித்த காலத்தை யூனிகோடு முடித்துவிட்டது. அந்த உலக அட்டவணையில் தமிழுக்கும் தெலுங்குக்கும் தலா 128 இடம் ஒதுக்கியபோது, தமிழ் முடியும் இடத்துக்கு அடுத்த கட்டத்திலேயே தெலுங்கு தொடங்குகிறது. நடுவே ஓர் இடம்கூடக் காலியில்லை. எல்லைக் கமிஷன் எதுவும் கூடாமலே அமைந்த அண்டை வீடு.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது அற்ப விஷயமல்ல. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கோ இங்கிலீஷோ படிக்கும் தலைமுறை தமிழை எழுத்துக்கூட்டக்கூட மறந்துகொண்டிருக்கிறது. பேச்சு தங்கும், எழுத்து போய்விடும். கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே இரண்டு மொழிகளையும் அதில் சேர்த்து வைத்தால், தெலுங்கில் வீட்டுப்பாடம் அடிக்கும் அதே விரல்கள் சென்னையிலிருக்கும் மாமாவுக்குத் தமிழில் நாலு வரி அடிக்கும். சேர்க்காவிட்டால் இரண்டையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தே காலம் போய்விடும். கடைக்காரர் பெட்டியைக் கட்டிக் கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே இரண்டு மொழியிலும் ஒரு வரி அடித்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

கடைசித் தேர்வு கடையில் நடப்பதல்ல, வீட்டில். மேஜையை எங்கே போடுவது? பையனின் அறையில் போட்டால் அது பையனின் கம்ப்யூட்டர். கூடத்தில், ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காத மூலையில் போட்டால் பள்ளி விட்டு வரும் பெண்ணும், மாங்காய் விற்ற கணக்கு எழுதும் அப்பாவும், சுயஉதவிக் குழுக் கணக்கு வைத்திருக்கும் அம்மாவும் முறை வைத்து உட்காரலாம். ஆளுக்கொரு பயனர் கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டுக்கொள்ள விண்டோஸும் லினக்ஸும் காசு கேட்பதில்லை. யாருக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதைப் பெட்டி வீட்டுக்கு வரும் முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.