யானைகள் இளைப்பாறும் இடம்

வனவிலங்குகளைக் காண வேண்டுமானால் காடெல்லாம் தேடி அலைய வேண்டும் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். ஆபிரிக்காவின் தென்மேற்கிலுள்ள நமீபியாவில் இன்னொரு வழியும் உண்டு. ஓரிடத்தில் நீங்கள் அமைதியாக அமர்ந்திருந்தால் போதும்; விலங்குகள் தாமே வரும். உங்களைத் தேடியல்ல, உங்கள் முன்னாலுள்ள தண்ணீரைத் தேடி!

அந்நாட்டின் வடக்கே இருக்கிறது எட்டோஷா தேசிய வனம். 1907 ஆம் ஆண்டு ஜேர்மனியர் ஆட்சியில் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீற்றர். மே மாதம் முதல் ஒக்டோபர் வரை அங்கே மழை மிக அரிது. அக்காலத்தில் நீர்க்குட்டைகளே சகல விலங்குகளுக்கும் கதி.

வனத்தின் மேற்குப் பகுதியில் ஒலிஃபன்ட்ஸ்ரஸ் என்றொரு தங்குமிடம் 2014 இல் திறக்கப்பட்டது. உயர்த்திக் கட்டிய பலகைப் பாதை வழியே நடந்தால், குட்டையோரத்தில் இரண்டு தட்டு மறைவிடம் ஒன்றை அடைவீர்கள். உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வையுங்கள்.

முதலில் வரிக்குதிரைகள் வரும். வந்தவுடன் குடிப்பதில்லை; நின்று, சுற்றிலும் பார்த்து, பிறகே தலை குனியும். ஒட்டகச்சிவிங்கி முன்னங்கால்களை அகல விரித்துத்தான் தண்ணீரை எட்ட முடியும். சிங்கத்துக்கு அதுவே தருணம் என்பதால் அதற்குப் பயம் அதிகம். தாகம் ஒருபுறம், உயிர் மறுபுறம்.

பின்னர் யானைக் கூட்டம். நம் நாட்டு யானையைவிடக் காது பெரிது. வயதில் மூத்த பெண் யானையே தலைவி. அவள் காட்டும் வழியிலேயே மற்றவை நடக்கும். வளர்ந்த யானை நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேல் குடிக்கும். தும்பிக்கையைப் பயன்படுத்தத் தெரியாத சின்னக் குட்டியோ மண்டியிட்டு வாயாலேயே குடிக்கும். அதைக் கண்டு சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள்!

ஒலிஃபன்ட்ஸ்ரஸ் என்றால் ஆபிரிக்கான்ஸ் மொழியில் ‘யானைகளின் இளைப்பாறல்’ என்று பொருள். ஆனால் 1980களில் அங்கே இளைப்பாறல் இருக்கவில்லை. யானைகள் பெருகிவிட்டன, வனம் தாங்காது என்று கருதிய நிர்வாகம் நூற்றுக்கணக்கானவற்றைச் சுட்டுக் கொன்றது. உடல்களை வெட்டிப் பிரித்த இடம் இதுதான். அவற்றைத் தூக்கிய உயர்ந்த இரும்புச் சட்டம் இன்றும் நிற்கிறது. அதை மறைக்காமல், நடந்ததை வருவோர் அறியும்படியே வைத்திருக்கிறார்கள்.

யானை 60 வயது வரை வாழக்கூடியது. அன்று குட்டியாயிருந்து தப்பிய ஒன்று, இன்று கூட்டத்தை நடத்திவரும் அந்த மூத்தவளாகவே இருக்கலாம். கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்திருக்கும் நாம் யார் என்பதை அவள் அறியாள். அவள் குடித்து முடிக்கும்வரை சத்தம் போடாதிருப்பதே நம்மால் ஆன மரியாதை.