நடுத்துண்டு

பதிவு கொஞ்சம் நீளம். 9ஆம் ஆண்டில் பிள்ளை படிக்கிற பெற்றாரும், புள்ளி ஏற்றுகிற சக ஆசிரியர்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன கிழமை 12ஆம் ஆண்டு ஐசிடி வகுப்பு. பலகையில் எட்டு நிறைவெண் எழுதினேன்: 42, 17, 88, 5, 63, 29, 71, 34. முழுவதையும் குமிழி முறையில் அடுக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற இரண்டை ஒப்பிடு, பெரியது முன்னால் நின்றால் இடம் மாற்று, கடைசி வரை போ, திரும்பவும் முதலில் இருந்து வா. இந்த முறை வேறு மாதிரிக் கேட்டேன். நடுவில் நிற்கிற 88, 5, 63, 29 என்ற நாலை மட்டும் ஏறுவரிசைக்குக் கொண்டுவர வேண்டும். மற்ற நாலும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது.

பைதனில் இடங்கள் 0இல் தொடங்கும். அதனால் இந்த நாலும் நிற்பது 2, 3, 4, 5ஆம் இடங்களில். துண்டு வெட்டும்போது 2 முதல் 6 என்று எழுத வேண்டும், 6ஆம் இடம் சேராது. முக்கால்வாசிப் பேர் சரியாக எழுதினார்கள். எழுதி, அந்தத் துண்டுக்கே சோர்ட் கட்டளை கொடுத்துப் பட்டியலை அச்சிட்டால் ஒன்றும் மாறவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. "கம்பியூட்டர் பழுது சேர்" என்றான் ஒருவன். பழுதில்லை. வெட்டியெடுத்த துண்டு ஒரு போட்டோகொப்பி. கொப்பியை அடுக்கி மேசையில் வைத்துவிட்டு ஒரிஜினலைப் பார்த்தால் அது பழையபடிதான் இருக்கும். அடுக்கிய துண்டைத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். வைத்தால் 42, 17, 5, 29, 63, 88, 71, 34. இன்னொருத்தி 7 வரை வெட்டிவிட்டாள். 71 உள்ளே வந்து 88ஐ ஓரிடம் பின்னால் தள்ளிவிட்டது.

அப்போது பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள். "என்னத்துக்கு சேர் நடுவுல ஒரு துண்ட மட்டும் அடுக்கிற? அடுக்கினா முழுசா அடுக்க வேணும்தானே?"

நல்ல கேள்வி. நீங்கள் கெம்பஸ் போகப் போவதே அப்படித்தான் என்றேன். மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு நாடு முழுவதையும் இசட் புள்ளியால் ஒரே வரிசையாக அடுக்கி நிரப்புவது 40 வீதம். 55 வீதத்தை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரித்து, அந்தந்த மாவட்டத்துக்குள் தனித்தனி வரிசையில் எடுக்கிறார்கள். மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் இருக்கின்றன. கல்லாற்றைத் தாண்டிப் பெரியநீலாவணைக்குள் போனால் மாவட்டம் மாறிவிடும். ஒரே ரோட்டில் ஒரே பஸ்ஸில் போய்வருகிற ஊர்கள்தான், ஆனாலும் ஒரே இசட் புள்ளி எடுத்த காத்தான்குடிப் பிள்ளைக்கும் மருதமுனைப் பிள்ளைக்கும் முடிவு வேறாக வரலாம். துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது விளையாட்டில்லை.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பழைய வெட்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. பிள்ளைகளிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் 9ஆம் ஆண்டு ஐசிடி புள்ளிகளை எக்செலில் ஏற்றினேன். ஒரு நிரலில் பதிவேட்டு ஒழுங்கில் பெயர், அடுத்ததில் புள்ளி. யார் முதலாவது என்று பார்க்கப் புள்ளி நிரலை மட்டும் தெரிந்து இறங்குவரிசைக்கு அடுக்கினேன். பக்கத்தில் இன்னும் தரவு இருக்கிறது, அதையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்டது. மகரிபுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் வேண்டாம் என்று அமத்தினேன். பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றன, புள்ளிகள் மட்டும் மேலும் கீழுமாகப் போயின. பதிவேட்டின் முதல் பெயருக்கு 94, கடைசிப் பெயருக்கு 31. இவ்வளவு ஒழுங்காக இறங்கினால் ஒரு வாத்திக்குச் சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. அன்றிரவே பெற்றாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அது 10ஆம் ஆண்டுக்குத் தொகுதிப் பாடம் தெரிகிற கிழமை. பதிவேட்டில் கடைசியாக இருந்த பிள்ளை ஐசிடி எடுக்க ஆசைப்பட்டவள். அவளுடைய வாப்பா வாவியில் வலை போடுகிறவர். 31 என்று கண்டதும் ஐசிடி வேண்டாம் என்று படிவத்தில் மனைப்பொருளியலை எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டார். அவள் முறைப்பாடு சொல்ல வரவில்லை. "பேப்பரைப் பார்க்கலாமா சேர்" என்று மட்டும் கேட்டாள். கட்டை அவிழ்த்தேன். சிவப்புப் பேனையால், என் கையெழுத்தில், 78.

அன்று அஸருக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். படிவத்தை மாற்றலாம், அதிபரிடம் நானே பேசுகிறேன் என்றேன். அவர் வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பரவால்ல சேர். ராத்தாட மனைப்பொருளியல் புத்தகம் எல்லாம் வீட்ட இரிக்கி. அதையே படிக்கட்டும்." உள்ளே கதவோரம் அவள் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் முதல் நிரலில் தொடரிலக்கம் போடாமல் நான் கை வைப்பதில்லை. எப்படிக் கலைந்தாலும் அதை வைத்துப் பழைய ஒழுங்குக்குத் திருப்பலாம். அடுக்கும்போது முழு அட்டவணையையும் தெரிவேன். அடுக்கி முடிந்ததும் மூன்று பேப்பரை எடுத்துப் பெயரையும் புள்ளியையும் ஒத்துப் பார்ப்பேன். பெற்றாரே, நீங்களும் குழுவில் வருகிற படத்தை மட்டும் நம்பிப் படிவம் நிரப்ப வேண்டாம். பேப்பரைக் கேளுங்கள், கேட்பது குற்றமில்லை.

கதை முடிந்ததும் பின்வாங்குப் பிள்ளை திரும்பக் கேட்டாள், "அந்த ராத்தா இப்ப எங்க சேர்?"

போன வருடம் ஓஎல் எழுதினாள். மனைப்பொருளியலில் ஏ.